ஹட்டன் பக்கத்தில் காசு அதிகம் செலவழிக்காமல் உளவளத்துணை: 2022 முதல் என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் மனநல உதவிக்குப் பெரிய காசு கட்ட வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை. மருந்தும் அரசாங்கத்தில் இலவசம், உளவளத்துணை என்று சொல்கிற, உட்கார்ந்து பேசுவதும் இலவசம். சிக்கல் என்னவென்றால் மருந்து ஓரிடத்தில், பேச்சு இன்னோரிடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வேண்டுமென்றால் அது வேறோரிடத்தில். மூன்றையும் தேடிப் பிடித்து ஒன்றாக்குவது நம் வேலை. எனக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்தவன். 2022 பொருளாதார நெருக்கடியில் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். வந்த கொஞ்ச நாளில் தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை, பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு முட்டும். இருதய வியாதி என்று பயந்து ஈசிஜி எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்: கண்ணூறு, இல்லாவிட்டால் காத்துக் கறுப்பு. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். செலவுக் கணக்கு எழுதுவதாக இருந்தால் பூசாரிக்குக் கொடுத்ததையும் முனியாண்டிக்கு வெட்டிய சேவலையும்தான் முதல் வரியில் எழுத வேண்டும். சித்திக்கு இன்றைக்கும் என்னைக் குணப்படுத்தியது அந்தச் சேவல்தான். நான் மறுப்பதில்லை. அன்று ராத்திரி எல்லோரும் கூடியிருந்து சாப்பிட்டபோது மனம் கொஞ்சம் லேசானது உண்மை.

அடுத்தது தனியார். கண்டியில் ஓர் உளவளத்துணையாளரைப் பற்றி நண்பன் சொன்னான். ஒரு மணி நேரத்துக்கு 3,500 ரூபா. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா, அதாவது அம்மா மூன்றரை நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் எனக்கு ஒரு மணி நேரம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போய் வரவே ஒரு நாள் முடிந்துவிடும். எனக்குப் பயமே பஸ்தான் என்பது வேறு விஷயம். ஆள் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். ‘உங்களுக்குப் பைத்தியம் இல்லை, இதற்குப் பதற்றநோய் என்று பெயர், சரியாகக் கூடியது’ என்று முதன்முதலில் தமிழில் சொன்னவர் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு 3,500 கொடுக்கலாம். ஒவ்வொரு கிழமையும் கொடுக்க முடியாது.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: ‘சேர், எனக்கு இது கட்டாது, ஏதாவது வழியிருக்கிறதா?’ அவர் கோபப்படவில்லை. நேரில் வருவதை மாதத்துக்கு ஒரு முறையாக்கி, இடையில் அரை மணி நேரம் போனில் பேசலாம், அதற்குப் பாதிக் கட்டணம் என்றார். தனியாரிடம் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் டொக்டரிடம் காசு பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டிருக்கிறோமே.

இன்னொரு தனியார் அனுபவமும் உண்டு, டவுனுக்குள்ளேயே. மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு, முதல் நாளே ‘நீங்கள் கடவுளை விட்டுத் தூரமாகிவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தார். பெயர் வேண்டாம். என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஒழுங்கானவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

அப்புறம்தான் அரசாங்க வைத்தியசாலை. கண்டிக்காரரே சொன்னார், ‘மருந்தும் தேவைப்படலாம், நான் மருந்து எழுத முடியாது, ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள்’ என்று. எங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போனேன். ஓபிடியில் துண்டு எடுத்து, அங்கிருந்த டொக்டர் இரண்டு கேள்வி கேட்டு, மனநலக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் சிறு வயதில் ஒருவரையொருவர் ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்’ என்று, அங்கேயுள்ள மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லிக் கேலி செய்வோம். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்து காது சூடானது. பக்கத்தில் பார்த்தால் டீச்சர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், என்னோடு கிரிக்கெட் விளையாடியவனின் அப்பா. அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை, நானும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மரியாதை இன்றுவரை தொடர்கிறது.

கிளினிக்கில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து போவது நல்லது. அனேகமாகப் பார்ப்பவர் மனநல வைத்திய அதிகாரி. விசேட வைத்திய நிபுணர் எல்லா வைத்தியசாலையிலும் எல்லா நாளும் இருக்க மாட்டார். காலையில் இலக்கம் எடுத்தால் மத்தியானமாகும். உள்ளே போனால் ஐந்து, பத்து நிமிடம். மனதிலுள்ளதை எல்லாம் கொட்டலாம் என்று போனால் ஏமாற்றம்தான். தூக்கம் எப்படி, பசி எப்படி, மருந்து ஒத்துக்கொள்கிறதா, அவ்வளவுதான் நேரம். ஆனால் மருந்து மாதாமாதம் இலவசம். எனக்குத் தந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், அதுவரை வயிற்றைப் பிரட்டும் என்று முதலிலேயே சொன்னார்கள். அதைச் சொல்லியிருக்காவிட்டால் முதல் கிழமையிலேயே தூக்கி எறிந்திருப்பேன்.

மொழி ஒரு பிரச்சினை. டொக்டர் சிங்களம், எனக்குக் கொழும்பில் பழகிய கடைச் சிங்களம். விலை பேசலாம், மனதைப் பேச முடியாது. ஒருமுறை மொழிபெயர்க்க வந்தவர் நான் சொன்ன நீளமான விஷயத்தை மூன்று சொல்லில் முடித்தார். அதற்குப் பிறகு வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, சிங்களம் நன்றாகத் தெரிந்த நண்பனிடம் கொடுத்து சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். அரைப் பக்கம் போதும். எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்ன மருந்து குடிக்கிறேன், எதைப் பற்றிப் பயம். டொக்டர் அதைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். கொப்பிக்கு நான் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருக்கிறேன், பஸ்ஸில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். சில மாதம் ‘வெளியில் வாங்குங்கள்’ என்று துண்டு தந்தார்கள். அப்போது அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் விலை விசாரித்துவிட்டு மற்றக் கடைகளுக்குப் போனேன். கையில் காசு இல்லாவிட்டால் பத்துப் பத்தாக வாங்கலாம். காசில்லை என்று ஒரேயடியாக நிறுத்திவிட மட்டும் வேண்டாம். இந்த மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். வேறு மருந்து மாற்றி எழுத முடியுமா என்று டொக்டரிடமே கேட்பது நல்லது.

சரி, பேச்சுக்கு என்ன வழி? இதற்குத்தான் நான் அதிக மார்க் கொடுப்பேன்: பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார் என்பது எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவருக்கும் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கதவில் பலகையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. காசு கிடையாது. கடிதமும் தேவைப்படவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகப் பிரிவுகள்தான். இப்போது நோர்வூட், தலவாக்கலை எல்லாம் சேர்ந்து 10. முன்பு மஸ்கெலியாப் பக்கத்து ஆட்கள் கினிகத்தேனை வரை இறங்க வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெரிய விஷயம்.

இன்னொரு வசதி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ‘என்ன தம்பி இந்தப் பக்கம்?’ என்றால் அரசாங்க நிவாரணக் கொடுப்பனவைச் சாட்டி ‘அஸ்வெசும விஷயமா வந்தேன்’ என்று சொல்லிவிடலாம். ஊரில் பாதிப் பேர் அதற்காகத்தான் அங்கே நிற்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தவர் தமிழ் பேசும் ஒரு அக்கா. அறை என்று சொல்ல முடியாது, பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் யாராவது வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆனால் நேரம் கொடுத்தார். என்னை ஒரு கொப்பியில் மூன்று நிரல் எழுதச் சொன்னார்: என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது. பஸ் பயத்துக்கு, முதலில் பஸ் நிற்கும் ஹோல்ட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வரச் சொன்னார். அப்புறம் ஒரு ஹோல்ட் தூரம் ஏறி இறங்க, பிறகு இரண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். அதுதான் எனக்கு வேலை செய்தது.

இணையத்தில் தூக்கத்துக்கு ஆலோசனை தேடினால் ‘படுக்கையறையைத் தூங்க மட்டும் பயன்படுத்துங்கள்’ என்று வருகிறது. எங்கள் காம்பராவில் அஞ்சு பேர், டீவி, அடுப்புப் புகை, எல்லாம் ஒன்றாக. இதை அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்காமல் யோசித்தார். ‘அப்படியானால் இடத்தை விடுங்கள், நேரத்தைப் பிடிப்போம்’ என்றார். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) கிளம்பும் நேரத்துக்கு எழும்புவது, பகலில் படுக்காமல் இருப்பது, பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் வீட்டில் சண்டைதான் வரும். இருந்தும் வேலை செய்தது. நம் வீடு எப்படியிருக்கும் என்று தெரிந்தவரிடம் போவதன் பெறுமதி இதுதான், 3,500 ரூபாவில் அது கிடைக்கவில்லை.

அவர் நேராகக் கேட்ட இன்னொரு கேள்வி: ‘செத்துப் போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?’ அதிர்ந்துவிட்டேன். கேட்டதால் எண்ணம் கூடவில்லை, சொல்ல முடிந்ததில் பாரம் குறைந்தது. உடனே வீட்டில் மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து இருக்கிறதா என்றார். மாமா வைத்திருந்தார். வேறு வீட்டில் பூட்டி வைக்கச் செய்தோம். பிறகு தேடிப் படித்தபோதுதான் விளங்கியது: 1990களின் நடுவில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். மிக நச்சான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் 1998 இல் எடுக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் பொலிசுக்குப் போக வேண்டி வருமோ என்று இன்னமும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

பிரதேச செயலகத்தில் குறை இல்லாமல் இல்லை. கூட்டம், பயிற்சி, வெளிக்களம் என்று அடிக்கடி ஆள் இருக்க மாட்டார். போன் பண்ணிக் கேட்காமல் போகாதீர்கள். இடமாற்றம் வந்தால் புதியவரிடம் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்படி நடந்தது, அந்த மாதங்கள் கஷ்டம்.

ராத்திரிக்குத் தொலைபேசிதான். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இருக்கிறது. சுமித்ரயோ என்ற அமைப்பு 1974 முதல் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தொண்டர்கள். ஆலோசனை சொல்ல மாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள், பெயர்கூடக் கேட்பதில்லை. வழி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால் எரிச்சல் வரும். பேச ஆள் வேண்டும் என்றால் அதைவிட நல்லது இல்லை. வேறொரு சேவைக்கு எடுத்தபோது தமிழ் பேசுபவர் நாளைக்கு வருவார் என்றார்கள். ராத்திரி ஒரு மணிக்கு நாளை என்பது எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

போனில் பேச லயத்தில் இடம் கிடையாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் தண்ணித் தாங்கிக்கு மேலேயுள்ள பாதையில் போய் நிற்பேன், சிக்னலும் அங்கேதான். பெண் பிள்ளைகளுக்கு ராத்திரியில் அது முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பகலில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் நின்று பேசுவாள். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விஷயம் என்றால் 1929.

கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கு இதெல்லாம் எப்படிச் சரிவரும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். என்னோடு கிளினிக்குக்கு வந்த அன்று அம்மாவுக்குப் பேர் விழவில்லை, அதாவது அன்றைய வேலை கணக்கில் சேரவில்லை, இலவச மருந்துக்கு ஒரு நாள் சம்பளம் போனது. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ஆன பிறகு அந்த இழப்பும் அதற்கேற்பக் கூடியது. அரைப்பேருக்காவது வேலை செய்துவிட்டு வரலாம் என்றால் கிளினிக் காலையோடு முடிந்துவிடும். குழந்தை பெற்ற வீட்டுக்கு வரும் மருத்துவிச்சியிடம் மனதைப் பற்றியும் சொல்லலாம், அதற்குப் பேர் போகாது. மற்றவர்களுக்கு, மருந்து ஒத்துப்போய் நிலைமை சீரான பிறகு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். எனக்கு அப்படித் தந்தார்கள்.

இப்போது ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாத்திரை குறைந்த அளவில் இன்னும் தொடர்கிறது. கண்டிக்காரரிடம் போய் நாளாகிவிட்டது. செலவு என்று பார்த்தால் பஸ் காசும் கிளினிக் நாளில் கடையில் பிடிக்கும் சம்பளமும்தான். கிளினிக் நாள் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் வேறு, திடீரென்று மாறவும் செய்யும். போவதற்கு முதல் நாள் போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.