பழைய ஃபிளாட் வாங்க புரோக்கர் வேண்டுமா, நேரடியாகப் போகலாமா?

சென்னையில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 80 ஆயிரம், 2 சதவீதம் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் எப்படியும் கட்டியாக வேண்டும். கமிஷனையாவது மிச்சம் பிடிக்க முடியாதா என்று வீட்டில் பேச்சு வருவது இயல்புதான். நாங்களும் அப்படி நினைத்துத்தான் முதல் 5 மாதம் நேரடியாகத் தேடினோம். அப்புறம்தான் ஒரு புரோக்கரிடம் போனோம்.

தேடுவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பகுதியைப் பொறுத்தது. நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் மாதிரி பழைய இடங்களில் வயதானவர்கள் பலர் விளம்பரமே கொடுப்பதில்லை. தெரிந்த புரோக்கரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள், அவ்வளவுதான். இணையத்தில் 'உரிமையாளரிடமிருந்து நேரடியாக' என்று இருந்த எண்களுக்கு நாங்கள் போன் செய்தால் பாதிக்கு மேல் புரோக்கர்களே எடுத்தார்கள். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகங்களில் நிலைமை வேறு. குடியிருப்போர் சங்கத்தில் விசாரித்தாலே எந்த பிளாக்கில் எது விற்பனைக்கு என்று தெரிந்துவிடும். அங்கே கமிஷன் கொடுப்பது வீண்.

விலை பேசுவதில் நான் நினைத்திருந்ததும் நடந்ததும் வேறு. விலை கூடினால் புரோக்கருக்குக் கமிஷன் கூடும், அதனால் அவர் குறைக்கவே விட மாட்டார் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் 5 லட்சம் குறைந்தாலும் 2 சதவீதக் கமிஷனில் அவருக்குப் போவது 10 ஆயிரம்தான். அவருக்கு வேண்டியது பேச்சு முறியாமல் முடிவது. அதற்காக விற்பவரையும் இறங்கச் சொல்வார், நம்மையும் ஏறச் சொல்வார். நேரடியாகப் பேசும்போது இரு பக்கமும் கௌரவம் பார்த்து நின்றுவிடும் இடத்தில் இது உதவுகிறது.

நேரடியாகப் போகிறவருக்கும் ஒரு நல்ல கருவி உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். அதில் கைமாற்றுத் தொகை என்று ஒரு இடம் இருக்கிறது. அதே சர்வே எண்ணில் பக்கத்து ஃபிளாட்டுகள் என்ன தொகைக்குப் பதிவாகியிருக்கின்றன என்று அதில் தெரியும். நிஜமாகக் கைமாறிய பணம் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனாலும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

புரோக்கர் யார் பக்கம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் வாங்குபவருக்கென்று தனியாக ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் ஒரே புரோக்கர் இரண்டு தரப்பிலும் கமிஷன் வாங்குவது சாதாரணம். ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் ஏஜென்ட் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, ஆனால் அது பதிவு பெற்ற திட்டங்களில் பில்டர் விற்கும் வீடுகளுக்கு. இரண்டாவது கையாக விற்கப்படும் பழைய ஃபிளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதனால் பத்திர விஷயத்தில் புரோக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சி இருக்கிறதா, யூ.டி.எஸ். (நிலத்தில் நம் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) அளவு சரியாக இருக்கிறதா, உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க நாமே தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் வேண்டும். எங்களுக்கு முதலில் பிடித்துப்போன வீட்டில் ஒரு மகளின் கையெழுத்து இல்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், சார்" என்றார் புரோக்கர். வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளவில்லை, நாங்கள் விலகினோம். வில்லங்கச் சான்றிதழில் உயில் வராது, நீதிமன்ற வழக்கும் பெரும்பாலும் வராது. லோன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் பார்த்தாரே என்று இருந்துவிடவும் கூடாது. அவர் பார்ப்பது வங்கிக்காக.

பணம் கைமாறும் இடத்திலும் கவனம் வேண்டும். ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பது இன்னும் நடக்கிறது, அதைப் புரோக்கர் வாயால் சொல்லவைப்பார்கள். வீட்டு விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. தவிர, பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் நாளை நாம் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி நம் தலையில் விழும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. பிடித்தம் பல மடங்கு கூடும், பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை நம்மிடம்தான் கேட்கும். எங்களிடம் பேசிய புரோக்கர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை, ஆடிட்டர்தான் சொன்னார்.

வெள்ளம் பற்றியும் புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. 2015-இலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத் தெருமுனை இஸ்திரிக்காரரும் வாட்ச்மேனும் கை வைத்தே காட்டினார்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது புரோக்கர் காட்டிய வீட்டைத்தான். கமிஷன் 1 சதவீதம், அதுவும் பத்திரம் பதிவான அன்றுதான் என்று முதல் நாளே எழுதிக்கொண்டோம். டோக்கன் அட்வான்ஸை அவர் கையில் கொடுக்காமல் விற்பவரின் வங்கிக் கணக்கில் போட்டோம். பத்திரங்கள் சரியில்லை என்றால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ரசீதிலேயே சேர்க்கச் சொன்னவர் எங்கள் வழக்கறிஞர்.