மோட்டார் சைக்கிளுக்குக் கார் ஒயில் ஊற்றிவிட்டார்கள்: 20,350 ரூபா போயிற்று, கவனம்!

நேற்று மாலை கிளச் திருத்தியதற்காகக் கராஜில் 15,750 ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். ஒயிலுக்கு முன்னர் கொடுத்த 4,600 ரூபாவையும் சேர்த்தால் மொத்தம் 20,350 ரூபா.

மட்டக்களப்பு - கல்முனை வீதியோரத்தில், வாகன உதிரிப்பாகங்கள் விற்பதோடு வாசலிலேயே ஒயிலும் மாற்றிக் கொடுக்கும் ஒரு கடையில்தான் இது நடந்தது. எனது 150 சீசீ மோட்டார் சைக்கிளின் கையேட்டில், ஒயிலின் தடிப்பு 10டபிள்யூ-30, மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான தரக் குறியீடு ஜாசோ எம்ஏ என்று தெளிவாக இருக்கிறது. அதைத்தான் கேட்டேன். முதலாளி வேறொரு போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு துளியை விரலில் தொட்டு இரு விரல்களுக்கிடையே தேய்த்துக் காட்டினார். "தம்பி, உங்கட அப்பா என்னட்டத்தான் ஒயில் எடுத்தவர், உங்களுக்குப் பிழையானதத் தருவனா? இது 5டபிள்யூ-30, பத்த விட அஞ்சு புதுசு. காருக்கே ஊத்துற சாமான், பெற்றோல் செலவும் குறையும்" என்றார். காலமான என் தகப்பனாரின் பெயரைச் சொன்ன பின் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் 4,600 ரூபாவைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள், மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என்ஜின் அலறியது. வேகமோ குறைந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசுவதுபோல் கடந்து போனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கடைக்குப் போனேன். "ஓட ஓடச் சரியாகும்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனபோது கிளச் கேபிளை இறுக்கச் சொன்னார். மூன்றாம் முறை அவர் தலை நிமிரவேயில்லை. "பழைய பைக்தானே, பிளேட் தேஞ்சிருக்கும்" என்று வேலைக்கு நிற்கும் பையன் பதில் சொன்னான். பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் "ஒயில் 1 - 4,600" என்பதைத் தவிர எதுவும் எழுதப்படவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

கராஜில் கிளச் மூடியைக் கழற்றியபோது பிளேட்டுகளின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. இடையிலிருந்த இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கிளச், என்ஜினுக்கு ஊற்றும் அதே ஒயிலில் ஊறியபடிதான் வேலை செய்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்த கார் ஒயிலை அதற்குள் ஊற்றினால், ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டிய பிளேட்டுகள் வழுக்கி, சூடேறிக் கெட்டுப்போகும். ஜாசோ எம்ஏ என்ற குறியீடு, ஒயில் கிளச்சை வழுக்கவிடாது என்று பரிசோதிக்கப்பட்டதற்கான அடையாளம். "பத்த விட அஞ்சு புதுசு" என்பதும் முழுப் பொய். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைத்தான் காட்டுகிறது. மட்டக்களப்பு வெயிலில் அதனால் எனக்கு என்ன பயன்?

மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வெறும் போத்தலை இரவு எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்து வட்ட முத்திரையின் கீழ்ப் பாதியில் வளச் சிக்கன ஒயில், அதாவது பெற்றோல் மிச்சம் பிடிக்கும் ஒயில், என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஜாசோ என்ற சொல் எங்குமே இல்லை. அன்றே திருப்பிப் பார்த்திருந்தால் 20,350 ரூபா என் கையில் இருந்திருக்கும்.

எந்த ஒயில் எதற்கு என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் கவனியுங்கள். கியர் மோட்டார் சைக்கிள் என்றால் போத்தலில் எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும். எம்பி என்பது ஸ்கூட்டர்களுக்கானது. போத்தல் மூடியிலுள்ள சீல் முத்திரையை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். ஒயிலின் பெயரையும் தரத்தையும் பற்றுச்சீட்டில் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். வெறும் போத்தலைக் கடையில் விட்டு வராதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை காலை அழைக்கப் போகிறேன். போத்தலும் அந்தப் பற்றுச்சீட்டும் பைக்குள் இருக்கின்றன.