மதுரை ஆனையூர் சுத்துவட்டாரத்துல வாடகை வீடு தேடுறவங்க கவனம்: 22,000 ரூபா போச்சு

இலங்கைத் தமிழர் அகதி முகாம்ல இருந்து வெளிய வீடு தேடுற எல்லாரும் இதைப் படிங்க. வீடு பிடிச்சுத் தர்ற ஒரு ஆப்புல வந்த புரோக்கர்கிட்ட 22,000 ரூபா விட்டுட்டு உக்காந்திருக்கோம். டோக்கன் 15,000, கமிஷன் 7,000.

அப்பா 1990-ல ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம், அப்புறம் ஆனையூர். நான் பொறந்ததே நம்ம பெரியாஸ்பத்திரியில. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தத்துலயும் இலங்கைத் தமிழருக்கு இடமில்ல, வாடகை வீட்டுலயும் இல்ல. பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேரு. கூடல்நகர், விளாங்குடின்னு போனா மத்தவங்ககிட்ட "நீங்க என்ன ஆளுக"ன்னு கேப்பாங்க. எங்ககிட்ட அதுகூடக் கிடையாது, ஆதார்ல முகாம்னு பாத்ததும் கதவைச் சாத்திடுவாங்க.

இந்த ஆளு சாத்தல. டீ வாங்கிக் கொடுத்து, "முகாம்னா என்ன தம்பி, நம்ம தமிழங்கதானே, ஓனரு என் பேச்சைத் தட்ட மாட்டாரு"ன்னான். அப்பாவை ஐயான்னு கூப்பிட்டு, அங்க எந்த ஊருன்னு கேட்டான். வீடு தேடிப் போன இடத்துல அப்பாகிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல. மன்னார்னு ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல, அவனும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தான். அந்த டீக்கடையிலயே ஜிபேல 22,000 அனுப்பினேன்.

சாவி வாங்கப் போனா ஓனரம்மா, "முகாம் ஆளுகன்னு யாரும் சொல்லலையே, க்யூ பிராஞ்ச் போலீசு வீட்டுக்கு வரும்ல"ங்கிறாங்க. முகாம் ஆளுகளைக் கண்காணிக்கிற உளவுப் போலீசு அது. டோக்கன் அவங்க கைக்கே போகலையாம்.

புரோக்கருக்குப் போன் போட்டா நாளைக்கு. அப்புறம் ஊருல இல்ல. அப்புறம், "டோக்கன் திரும்பாது, தெரியாதா?" கமிஷனையாவது குடுங்கண்ணேன்னா, "வீடு காட்டினேன்ல?" ஆப் கஸ்டமர் கேர்ல, அது உங்களுக்கும் புரோக்கருக்கும் உள்ள விஷயம் சார்னு வச்சுட்டாங்க. 22,000 சார்னு நான் கத்தினதுதான் மிச்சம். கடைசியா அவனே சொல்றான்: "ஸ்டேஷனுக்குப் போறியா? போ. மொதல்ல உன் பதிவத்தான் கேப்பாங்க." தம்பி, ஐயா எல்லாம் எங்க போச்சோ.

விசாரிச்சா உச்சப்பட்டி முகாம்ல ஒரு குடும்பத்துக்கும் இதே ஆளு, இதே வீடு. தெரிஞ்சேதான் எங்களைப் பிடிக்கிறான். வேற யாரும் வீடு தர மாட்டாங்க, எவன் சரின்னாலும் காசை நீட்டிடுவோம், போலீசுன்னா பேசாம போயிடுவோம்னு கணக்கு. பெயிண்ட் அடிச்சு சேத்த 22,000டா அது.

தப்பிக்கிற வழியெல்லாம் விவரமா எழுதலாம்னுதான் வந்தேன், வேலைக்கு நேரமாச்சு. முகாம்னு ஓனர்கிட்ட நீங்களே சொல்லுங்க, அவங்க சரின்னா அவங்க கையிலயே டோக்கன் குடுங்க. ரசீது வாங்குங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும்னு 2017 வாடகைச் சட்டத்துலயே இருக்கு. ஆன்லைன்ல காசு போனா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டாச்சு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கும் போறேன், முகாம் அட்டையோட. அந்த வீட்டு விளம்பரம் இன்னும் ஆப்புல ஓடுது: மாடி வீடு, பச்சை கேட்டு, வாடகை 7,000.