ஆங்கரேஜிலிருந்து ஒரு நாள்: சீவர்டா, விட்டியரா?

முதல் முறை அலாஸ்கா போனபோது சீவர்ட். இந்த ஜூலையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு விட்டியர். இரண்டுமே அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜில் காலையில் கிளம்பி, கடலில் இறங்கும் பனியாற்றைப் படகிலிருந்து பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய ஊர்கள். ஜூலையில் இரவு என்பது அங்கே பேருக்குத்தான், அது வேறு விஷயம். இன்னொரு முறை வாய்த்தால் விட்டியருக்குத்தான் போவேன்.

சீவர்ட் 127 மைல், விட்டியர் ஏறக்குறைய 60 மைல். டர்னகேன் கடற்கழியை ஒட்டிப் போகும் அழகான சாலை இரண்டுக்கும் பொது, போர்ட்டேஜில்தான் பிரிகிறது. ஊர் என்று பார்த்தால் சீவர்டுக்குப் பக்கத்தில் விட்டியர் நிற்கவே முடியாது. அங்கே பெரும்பாலோர் குடியிருப்பது ஒரே ஒரு 14 மாடிக் கட்டடத்தில். சாப்பிட்டுவிட்டு உலாவ இடம் தேடினால் துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். விலங்குகளுக்கும் சீவர்டே. பஃபின் பறவைகள், பாறையில் குவிந்து கிடக்கும் கடற்சிங்கங்கள், ஓர்கா திமிங்கலம் என்று ஒரே பயணத்தில் பார்த்தோம். விட்டியரில் எங்களுக்கு வாய்த்தவை கிட்டிவேக் பறவைகளும், மல்லாந்து மிதந்த சில கடல் நீர்நாய்களும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் விட்டியர் என்கிறேன் என்றால், காரணம் அலை.

சீவர்டிலிருந்து கிளம்பும் படகு ரிசரெக்‌ஷன் விரிகுடாவுக்குள் இருக்கும்வரை சாதுவாகத்தான் போகிறது. ஐயாலிக் முனையைச் சுற்றும்போது அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடல் வந்துவிடுகிறது. அன்று படகு ஏறி இறங்கியதில் பாதிப் பேர் கையில் வாந்திக்கான காகிதப் பை. பனியாற்றின் முன் படகு நின்றபோது, இத்தனை செலவழித்து வந்த நான் மேசையில் தலை கவிழ்த்துக் கிடந்தேன். நான் போனது ஒரே முறை, அதுவும் காற்றடித்த நாள். அமைதியான நாளில் போனவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னதாக எடுக்கிறோம். காற்றை யார் முன்பதிவு செய்வது?

விட்டியர் படகுகள் ஓடுவது பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியில். வெளிக்கடலின் அலையைத் தீவுகள் தடுத்துவிடுகின்றன. பிளாக்ஸ்டோன் விரிகுடாவில் இரண்டு பனியாறுகள் கடலுக்கு வருகின்றன. மலைப்பாதை பஸ்ஸே ஒத்துக்கொள்ளாத அம்மா, அவற்றின் முன்னால் நின்று சூடாகத் தேநீர் குடித்தார். பனி உடைந்து விழும்போது முதலில் விழுவதைப் பார்க்கிறோம், சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வருகிறது. இடி எங்கே என்று அம்மா வானத்தைப் பார்த்தார்.

விட்டியரில் தொல்லை ஒன்று உண்டு: ஊருக்குள் போகும் சுரங்கப்பாதை. இரண்டரை மைல் நீளம், ஒரே தடம், அதிலேயே ரயிலும் ஓடுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரயிலுக்காகக் குடைந்தது. 2000-இல்தான் கார்களை விட்டார்கள். உள்ளே போக ஒவ்வொரு மணியின் அரையிலும், திரும்பி வர ஒவ்வொரு மணியும் தொடங்கும்போதும் சிறிது நேரம் திறப்பார்கள். கட்டணம் போகும்போது மட்டும். வழியில் பெலுகா திமிங்கலம் தெரிகிறதா என்று நிறுத்தி நிறுத்தி, நாங்கள் ஒரு திறப்பைக் கண்ணெதிரே விட்டோம். அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காரிலேயே காத்திருப்பு. படகு பன்னிரண்டரைக்கு என்றால் பத்தரைத் திறப்பைக் குறிவையுங்கள். பதினொன்றரை கையிருப்பில் இருக்கட்டும்.