ரிச்சி தெருவில் டூ-இன்-ஒன் ரிப்பேர்: 1951 பேஸ்பால் ஆட்டம் மறுபடி கேட்டது

அப்பாவின் டூ-இன்-ஒன் ஆறு வருஷமாகப் பரணில் கிடந்தது. எங்கள் ஏரியாவில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். திறந்துகூடப் பார்க்காமல், "இது தேறாது மேடம், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு வேண்டியது ஸ்பீக்கர் இல்லை. ஒரே ஒரு கேசட் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் சேத்தன் சர்மா போட்ட கடைசிப் பந்தை மியாண்டாட் சிக்ஸருக்குத் தூக்கினார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வருஷம் நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார். "புரூக்ளின்காரன் 35 வருஷமா இதை நினைச்சு வயிறெரியறான், கேளு" என்றார்.

கேசட்டில் இருந்தது ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ரேடியோ வர்ணனை. 1951 அக்டோபர் 3. நியூயார்க் ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ். ஒரே ஊரின் பங்காளிகள். ஆகஸ்டில் பட்டியலில் 13½ ஆட்டம் பின்தங்கியிருந்த ஜயன்ட்ஸ், சீசன் முடிவில் சமமாக வந்து நின்றது. லீக் பட்டத்துக்கு மூன்று ஆட்டம் வைத்தார்கள், ஆளுக்கொன்று ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம், ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில். கடைசி இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-1 என்று முன்னால் இருந்தது. ஒரு ரன் போய் 4-2 ஆனதும் ரால்ஃப் பிராங்காவைப் பந்து வீச அழைத்தார்கள். அவருடைய இரண்டாவது பந்தை பாபி தாம்சன் இடதுபக்க கேலரிக்குள் அடித்தார், நம்ம சிக்ஸர் மாதிரி ஒரு ஹோம் ரன். பேஸில் நின்ற இரண்டு பேரும் அவரும் ஓடி வந்து மூன்று ரன். ஜயன்ட்ஸுக்கு 5-4. ரேடியோவில் வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் "தி ஜயன்ட்ஸ் வின் த பென்னன்ட்!" (பென்னன்ட் என்றால் லீக் பட்டம்) என்று நான்கு தடவை அடுத்தடுத்துக் கத்துவார். வேலைக்குப் போன ஒரு ரசிகர், கடைசி இன்னிங்ஸை டேப்பில் பிடித்து வைக்கும்படி தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்ததால்தான் அந்தக் குரல் இன்று நமக்குக் கிடைக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நடந்தால், ஒரு சந்தில் மாடிப்படி. போர்டு கிடையாது, கீழே டீக்கடையில் விசாரித்துத்தான் ஏறினேன். அறுபது வயசிருக்கும் அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். மூடியைக் கழற்றியதும் பெல்ட்டைக் காட்டினார்; உருகிக் கறுப்புத் தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். புது பெல்ட் போட்டு, ஹெட்டைத் துடைத்தார்.

அப்புறம் செய்ததுதான் என்னை அசத்தியது. என் கேசட்டை உடனே உள்ளே போடவில்லை. "முதல்ல வேஸ்ட் கேசட் ஓட்டிப் பாத்துக்கலாம்மா. உங்களுது சிக்கிடுச்சுன்னா போச்சு" என்று வேறொன்றை ஓட்டினார். என் கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு விழுந்துவிட்டது என்றார். இன்னொரு கேசட்டிலிருந்து ஒன்றை இடுக்கியால் எடுத்து ஒட்டினார். ஓட விட்டபோது ஹாட்ஜஸ் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இழுத்தது. மோட்டார் பின்னால் ஊசித் துளை ஒன்று இருக்கிறது, அதில் பொடி ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கடுகளவு திருப்பிவிட்டு, "இதுவா? இன்னும் கொஞ்சமா?" என்று என்னையே கேட்டார். மூன்றாவது திருப்பலில் எனக்குத் தெரிந்த குரல் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

கூலி 1,100 ரூபாய். மூன்று நாள் என்று சொல்லி எட்டு நாள் ஆக்கினார், நடுவில் இரண்டு தடவை வீணாக அலைந்தேன். பில் தரவில்லை. ரேடியோ ட்யூனிங் இன்னும் கரகரக்கிறது. வயசானவர்கள் அந்தப் படியில் ஏறுவது கஷ்டம். போவதானால் பதினோரு மணிக்கு மேல் போங்கள், நமக்கு வேண்டிய கேசட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 84 வயசு. தாம்சன் அடித்து முடித்ததும் பழைய வழக்கை எடுத்துவிட்டார்: "முதல் பேஸ் காலி. முதல் ஆட்டத்துலயே பிராங்காவை ஹோம் ரன் அடிச்சவன் இவன். நடக்க விட்டிருக்கணும்." வேண்டுமென்றே எட்டாத பந்துகளாகப் போட்டு, அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார். அடுத்து அடிக்க நின்றது வில்லி மேஸ் அப்பா, என்றேன். பின்னாளில் பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் ஆனவர். "அப்ப அவன் இருபது வயசுப் பையன்டி!" என்றார். ரீவைண்ட் பண்ணச் சொன்னார்.