குட்கா கேஸ்: 200 ரூபாய் அபராதமா, கடைக்குச் சீலா, கோர்ட்டா?

வேலூருக்குள் பெங்களூர்க் குட்காச் சரக்கு நுழைய வழிக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலை 48 இருக்கிறது. சித்தூர் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட். போதாததற்குக் காட்பாடி ஜங்ஷன். சரக்கு சிக்கிய பிறகு எந்தச் சட்டத்தில் கேஸ் எழுதுகிறார்கள் என்பதை வைத்துத்தான் வியாபாரி மறுவாரம் கடை திறப்பதும் திறக்காததும்.

எல்லாவற்றிலும் லேசானது 2003ஆம் ஆண்டின் கோட்பா, அதாவது புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்றாலும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்றாலும் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். ஒரு பெட்டிக்கடைக்காரர் இதைக் காலை வியாபாரத்திலேயே எடுத்துவிடுவார். ஆனால் இதே சட்டத்தின் 20ஆம் பிரிவை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது பெரிய குறை. 85 சதவீத எச்சரிக்கைப் படம் இல்லாத வெளிநாட்டு சிகரெட்டை விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டாண்டு வரை சிறை, 3,000 ரூபாய் வரை அபராதம். பாக்கெட்டே சாட்சி, லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடைக்குச் சீல் வைப்பது வேகமான வழி. முதல் முறை 25,000 ரூபாயும் 15 நாள் பூட்டும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும், மூன்றாம் முறை ஒரு லட்சமும் 90 நாளும். சில்லறைக் கடையை அடக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. கட்டட உரிமையாளரே வாடகைக்காரரைக் கண்டிக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் சரக்கு போட்டவன் மேல் ஒரு கீறல்கூட விழாது.

குடோனும் மொத்த வியாபாரியும் என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பற்ற உணவுக்கான 59ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போவதுதான் உறுதியான வழி. 2023 திருத்தத்துக்குப் பிறகு, உடலுக்குக் கேடு நேராத வழக்கில்கூட 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் உண்டு. கேஸ் பெரும்பாலும் உடைவது மாதிரி எடுக்கும் இடத்தில். மாதிரி நான்கு பாகமாக வேண்டும்: ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு, நான்காவது, வியாபாரி கேட்டால், அங்கீகாரம் பெற்ற லேபுக்கு. ஒவ்வொரு பொட்டலத்திலும் குறியீட்டு எண் உள்ள சீட்டை அடியிலிருந்து மேல்வரை ஒட்டி, வியாபாரியின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழும்படி வாங்க வேண்டும். பிறகு நூல் சுற்றி, மேலே ஒன்று, அடியில் ஒன்று, உடலில் இரண்டு என அரக்கு முத்திரை. நூலின் முடிச்சு அரக்குக்குள் மறைய வேண்டும். அவசரத்தில் கையெழுத்து உறையில் மட்டும் விழுந்திருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்.

போலீஸ் வழி வேறு. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 123, அதாவது பழைய ஐ.பி.சி. 328, கேடு செய்யும் நோக்கத்தோடு விஷம் போன்ற பொருளைக் கொடுப்பதற்கானது; பத்தாண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாதது. அன்றைக்கே தொரப்பாடி சிறைக்கு ரிமாண்ட் போகலாம் என்பதால் பயம் உண்டாக்கும். ஆனால் காசு கொடுத்துத் தானே வாங்கி மென்றவருக்கு ‘கொடுத்தது’ யார், கேடு செய்யும் நோக்கம் எங்கே என்று வக்கீல் கேட்பார். கலப்பட உணவுக்கான ஐ.பி.சி. 272, 273 பிரிவுகளைவிட 59ஆம் பிரிவே மேலோங்கும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எதிர்த்தரப்புக்குப் பிடிப்பு. எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடாமல் விட்டால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பில் இல்லாத லாரிக்கு ஜி.எஸ்.டி. 129ஆம் பிரிவு நன்றாகக் கடிக்கும்: சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். ஆபத்து என்னவென்றால், கட்டியதும் சரக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். எனவே தடை செய்த பொருள் என்று தெரிந்த உடனே, ரசீது போடும் முன்பே, உணவுப் பாதுகாப்பு அலுவலரை அழைத்துச் சரக்கை ஒப்படைக்க வேண்டும்.

குட்காத் தடை உத்தரவு 2013இல் தொடங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அதனால் குற்றம் நடந்த தேதியில் நடப்பில் இருந்த உத்தரவின் நகலைப் புகாரோடு கட்டாயம் இணைக்க வேண்டும். வழக்குத் தொடரும் கெடு ஓராண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையர் எழுத்தில் காரணம் காட்டினால் மூன்றாண்டு வரை. லேப் ரிப்போர்ட் வந்தபின் வழக்குத் தொடர அனுமதி கேட்கும் கோப்பு மேசை மேசையாக நகரும்போது அந்த ஓராண்டு கரைந்துவிடுவதால், மஹஜர், அதாவது பறிமுதல் பதிவு, எழுதிய தேதியைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வைக்க வேண்டும்.