பழைய பத்திரிகைகளைப் படிக்க ஒரு துணை: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு

பாரதியார் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் 1906-இல் சென்னையில் தொடங்கியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைத் தன் கொள்கையாக ஏற்றது. இவற்றுள் முதற்சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டும் என்று இன்று யாருக்கும் தோன்றாது. சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் அதைத் தேடியபோதுதான், அந்தச் சொல்லை எவ்வளவு குறுக்கிப் படித்து வந்திருக்கிறேன் என்பது புலப்பட்டது.

சுதந்திரம் என்றால் உரிமை என்றும் பொருள். அறுவடைக் களத்தில் தலையாரி, தச்சர், கொல்லர் போன்ற ஊர்ப் பணியாளருக்கு வழிவழியாக அளந்து கொடுத்த தானியப் பங்குக்கும் அதுவே பெயர். தமிழ் விவிலியத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் ‘சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்று வருவதும் இந்த வழக்கைச் சேர்ந்ததே. அங்கே பேசப்படுவது விடுதலையன்று, உரிமைப் பேறு. களத்துமேட்டில் இச்சொல்லைக் கேட்டு வளர்ந்த வாசகர், பத்திரிகையில் அதைக் கண்டபோது, யாரோ மனமிரங்கித் தரும் சலுகையாக அல்லாமல், தமக்கு முன்பே உரிய பங்காகவே அதை உணர்ந்திருப்பார் என்று நான் கருதுகிறேன்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த இவ்வகராதி, ‘இந்தியா’வையும் ‘சுதேசமித்திர’னையும் படித்த தலைமுறை வாழ்ந்த காலத்திலேயே தொகுக்கப்பட்டது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரப்பட்டிருப்பது, ஒன்றில் ஐயம் எழுந்தால் மற்றொன்றைக் கொண்டு தெளிய உதவுகிறது. சுதந்தரம், சுதந்திரம் என எழுத்து வேறுபடும் சொற்களை இருவகையாகவும் தேடிப் பார்ப்பது நல்லது.

மேற்கோள்களில் இலக்கியமே மிகுதி. எந்தப் பொருள் எந்த ஆண்டில் வழக்கிற்கு வந்தது என்ற குறிப்பு கிடையாது. ஆகவே பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இதைப் பயன்படுத்த வேண்டும். அந்த உழைப்புக்கு ஆயத்தமாக இருப்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அக்கால அரசியல் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ‘பிரஜை’யையும் தேடிப் பாருங்கள்: அரசனின் குடி என்ற பொருளுடன், பெற்ற பிள்ளை என்ற பொருளும் அதற்கு உண்டு.